ஆக்குபேஷனல் தெரபி: அசிஸ்டட் லிவிங்கில் ஒரு வழி, மெமரி கேரில் வேறு வழி

வயதான பெற்றோரை அசிஸ்டட் லிவிங் இல்லத்திலோ (அன்றாட வேலைகளுக்கு உதவி கிடைக்கும் முதியோர் இல்லம்) மெமரி கேர் பிரிவிலோ (மறதிநோய் உள்ளவர்களுக்கான தனிப் பிரிவு) சேர்க்கப் போகும்போது, "எங்களிடம் ஆக்குபேஷனல் தெரபியும் உண்டு" என்று சொல்வார்கள். குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளை முடிந்தவரை தானாகச் செய்ய உதவும் சிகிச்சை அது. கேட்க நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஏற்பாடுகள் நடக்கின்றன. வெளியிலிருந்து ஒரு தெரபிஸ்ட் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து தனியாகப் பயிற்சி கொடுப்பது ஒரு வகை. இல்லத்திலேயே இருக்கும் தெரபி அறைக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுப்பது இன்னொரு வகை. தெரபிஸ்ட் பராமரிப்பாளர்களைப் பழக்கிவிட்டு, படுக்கையறையையும் குளியலறையையும் மாற்றி அமைத்துக் கொடுப்பது வேறு. சில இடங்களில் பாட்டு, ஓவியம், பந்து எறிதல் என்று போட்டிருக்கும் தினசரி நிகழ்ச்சி அட்டவணையையே தெரபி என்று சொல்லிவிடுகிறார்கள். இவற்றில் எதைக் கேட்டு வாங்குவது என்று குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அந்த முடிவு அவசரத்தில், விளக்கம் கேட்க ஆளில்லாமல் எடுக்கப்படுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று சொல்லிக் கொடுத்தது நாளைக்கும் மனதில் நிற்கும் என்றால், தெரபிஸ்டின் நேரம் அந்த முதியவரோடு செலவாக வேண்டும். நிற்காது என்றால், அந்த நேரத்தில் பெரும்பகுதி அவரை எழுப்பிக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறவர்களுக்கும் அவர் புழங்கும் அறைக்கும் போக வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் நல்ல தெரபிஸ்ட் கிடைத்தும் பலன் கிடைக்காது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிசியோதெரபி கொடுக்கிறோமே, இது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நாற்காலியிலிருந்து எழத் தடுமாறும் ஒருவரைப் பிசியோ பார்த்தால் தொடைத் தசையின் வலுவையும் உடல் சமநிலையையும் பார்ப்பார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்த வேலையை முழுதாகத் தொடர்ந்து போய்ப் பார்ப்பார்: எழுந்தவர் கழிப்பறை வாசலில் வாக்கரை எப்படித் திருப்புகிறார், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உடையை இறக்க முடிகிறதா, உட்காரும் உயரம் சரியா, முடித்த பிறகு கை கழுவ வேண்டும் என்று தோன்றுகிறதா, திரும்பி வர வழி தெரிகிறதா. கால் வலுவாக இருந்தும் வழியில் எங்கோ ஒரு படி தப்பிப் போவதால் உடையிலேயே சிறுநீர் போய்விடும் முதியவர்கள் நிறைய. அவர்களுக்குக் காலுக்கான பயிற்சி மட்டும் போதாது.

இந்தத் துறையில் இரண்டு பழைய பட்டியல்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. 1963-ல் சிட்னி கேட்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்டதில் 6 அடிப்படை வேலைகள்: குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குப் போதல், படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுந்து இடம் மாறுதல், சிறுநீர், மலத்தை அடக்கும் திறன், தானாகச் சாப்பிடுதல். 1969-ல் லாட்டன், பிராடி இருவரும் தொகுத்ததில் 8 சிக்கலான வேலைகள்: தொலைபேசி, கடைக்குப் போதல், சமைத்தல், வீட்டைப் பார்த்துக்கொள்ளுதல், துணி துவைத்தல், பயணம், மருந்து, பணக் கணக்கு. பொதுவாக அந்த 8-ல் பலவும் கைவிட்டுப் போனதும் அசிஸ்டட் லிவிங் பற்றிப் பேச்சு வரும். ஞாபக மறதி அந்த 6-லும் கைவைக்கத் தொடங்கியதும், கூடவே வெளியே நடந்து போய்விடும் பயமும் வந்ததும், மெமரி கேர் பற்றிப் பேச்சு வரும். உங்கள் அம்மாவோ அப்பாவோ இந்த 14-ல் எதைத் தானாகச் செய்கிறார், எதைச் சொன்னால் செய்கிறார், எதை அடுத்தவர் செய்துவிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசப் போங்கள். பேச்சு உடனே உருப்படியாகிவிடும்.

தனிப் பயிற்சி யாருக்குப் பலன் தரும்

அசிஸ்டட் லிவிங்கில் இருப்பவர், மனம் தெளிவாக இருக்கிறது, உடல்தான் ஒத்துழைக்கவில்லை என்றால் தனிப் பயிற்சிதான் சிறந்தது. பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவருக்குச் சட்டை போடுவதில் ஒரு வரிசை இருக்கிறது. போடும்போது தளர்ந்த கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது அது கடைசியாக வெளியே வர வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனவர் குனியாமல் காலுறை மாட்டவும் தரையில் விழுந்ததை எடுக்கவும் நீண்ட கைப்பிடிக் கருவிகள் உண்டு. அவற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் அலமாரியில் கிடக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினால்தான் பயன்படும். இதயம் பலவீனமானவரும் நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவரும் உட்கார்ந்து குளிக்கவும், சிரமமான அசைவின்போது மூச்சை வெளியே விடவும், காலை வேலைகளை ஒரேயடியாக முடிக்காமல் நடுநடுவே ஓய்வு விட்டுச் செய்யவும் கற்றுக்கொண்டால், மதியத்துக்குள் சோர்ந்து படுக்கும் நிலை குறையும். விரல் மூட்டு வாதத்துக்குத் தடித்த பிடியுள்ள கரண்டி, பார்வை மங்கலுக்கு நல்ல வெளிச்சமும் பெரிய எழுத்தும் என்று இந்தப் பட்டியல் நீளும்.

இவையெல்லாம் சில வாரங்களில் பழகிவிடும். பழகியதும் தெரபிஸ்ட் விலகிக்கொள்வார். அது சரியான முடிவுதான்.

டிமென்ஷியா எனும் மறதிநோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவருக்கும் தனிப் பயிற்சி வேலை செய்யும், கற்றுக்கொடுக்கும் முறை மட்டும் மாற வேண்டும். "யோசித்துச் சொல்லுங்கள்" என்று விட்டால் அவர் தவறாகச் செய்து, அந்தத் தவறே மனதில் பதிந்துவிடும். அதனால் தவறுக்கு இடம் கொடுக்காமல் சொல்லித்தர வேண்டும். இடைவெளி விட்டு நினைவூட்டும் பயிற்சி ஒன்று உண்டு. டிமென்ஷியா உள்ளவர்களிடம் இதை வளர்த்தெடுத்தவர்களில் கேமரன் கேம்ப் என்ற உளவியலாளர் முக்கியமானவர். "சக்கர நாற்காலியில் உட்காரும் முன் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு, "பிரேக் போட வேண்டும்" என்ற பதிலைச் சொல்லித் தருவார்கள். உடனே திரும்பக் கேட்பார்கள், பிறகு அரை நிமிடம் விட்டு, ஒரு நிமிடம் விட்டு, இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். தவறினால் பதிலை அப்போதே சொல்லிவிட்டு, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புவார்கள். சம்பவங்களை நினைவில் வைக்க முடியாதவருக்கும் கைப்பழக்கமாகப் பதியும் நினைவு நெடுநாள் தங்கியிருக்கும். இந்தப் பயிற்சி அதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? நெதர்லாந்தில் மோட் கிராஃப் குழுவினர் 2006-ல் வெளியிட்ட சோதனையில், வீட்டில் வசிக்கும் லேசான, நடுத்தர டிமென்ஷியா உள்ள 135 பேரும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் இருந்தார்கள். 5 வாரத்தில் 10 சந்திப்பு. தெரபி பெற்றவர்களின் அன்றாடச் செயல்பாடு கூடியது, 12-வது வாரத்திலும் அது தெரிந்தது. அதே திட்டத்தைத் தழுவி இங்கிலாந்தில் 468 ஜோடிகளிடம் செய்து 2021-ல் வெளியான சோதனையில், 26-வது வாரத்தில் வழக்கமான சேவை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரே சிகிச்சை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலிக்காது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 10 சந்திப்பு முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

இதைவிடக் கடினமான செய்தி ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது. பிரிட்டனில் 228 பராமரிப்பு இல்லங்களில், பக்கவாதம் வந்த 1042 பேரிடம் ஆக்குபேஷனல் தெரபியைச் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதங்களில் அன்றாட வேலைகளுக்கான மதிப்பெண்ணில் எந்த லாபமும் தெரியவில்லை. அந்தத் திட்டத்தில் தனிச் சந்திப்பு மட்டுமல்ல, உதவிக் கருவிகளும் ஊழியர் பயிற்சியும் இருந்தன. ஏற்கெனவே பெரும்பாலான வேலைகளுக்கு அடுத்தவரை நம்பியிருக்கும் ஒருவரிடம், குறுகிய காலச் சந்திப்புகளையும் ஒரு முறை வகுப்பையும் நடத்திவிட்டு மதிப்பெண் உயரும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த நிலையில் இருப்பவருக்கு இலக்கே மாற வேண்டும்: வலி குறைய வேண்டும், பயம் குறைய வேண்டும், குளியல் சண்டையாகாமல் நடக்க வேண்டும். பயிற்சியும் ஒருநாள் வகுப்பாக இல்லாமல் அன்றாட வேலையின் நடுவே திரும்பத் திரும்ப நடக்க வேண்டும்.

தெரபி அறையா, சொந்த அறையா

இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. கருவிகள் அடுக்கிய பெரிய அறை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அங்கே உள்ள மாதிரிக் கட்டில் அவருடைய கட்டில் அல்ல. ஓரிடத்தில் கற்றதை வேறிடத்துக்கு எடுத்துப் போகும் திறன்தான் டிமென்ஷியாவில் முதலில் பாதிக்கப்படும் விஷயங்களில் ஒன்று. எலும்பு முறிவுக்குப் பின் மனத் தெளிவோடு இருப்பவர் தெரபி அறையில் பழகலாம். மெமரி கேரில் இருப்பவருக்கு அவருடைய அறை, அவருடைய கழிப்பறை, அவர் வழக்கமாக உடுத்தும் நேரம் இந்த மூன்றும் வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு உடுத்தப் பழக்குவது அவருக்குக் குழப்பத்தைத்தான் கூட்டும்.

நிகழ்ச்சி அட்டவணை தெரபிக்கு ஈடாகுமா

ஆகாது. ஆனால் அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு, அதையும் சொல்ல வேண்டும்.

1997-ல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. சுயமாக வாழும் 60 வயதுக்கு மேற்பட்ட 361 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து 9 மாதங்கள் தொடர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நடத்திய திட்டம், இன்னொன்றுக்குத் தொழில்முறைப் பயிற்சி இல்லாதவர்கள் நடத்திய பொழுதுபோக்குக் கூட்டங்கள், மூன்றாவதற்கு எதுவும் இல்லை. தெரபி பிரிவினர் உடல்நலம், செயல்பாடு, வாழ்க்கைத் திருப்தி எனப் பலவற்றில் முன்னே இருந்தார்கள். பொழுதுபோக்குக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கும் எதற்கும் வராதவர்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்காமல் ஏதாவது செய்துகொண்டிருந்தாலே போதும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல பதில். அவர்கள் மறதிநோய் இல்லாத, சுயமாக வாழ்ந்தவர்கள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மெமரி கேருக்கு நெருக்கமானது லாரா கிட்லின் உருவாக்கிய திட்டம். 2008-ல் வெளியான அதன் முதல் சோதனையில், வீட்டில் இருந்த டிமென்ஷியா நோயாளிகள் 60 பேருக்கும் அவர்களைக் கவனிப்பவர்களுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் செயல்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். முன்பு அவருக்கு எதில் விருப்பம், இன்று அவர் கையால் எவ்வளவு முடியும், யார் கூட இருப்பார் என்று மூன்றையும் பார்த்துத்தான் செயல் தேர்வானது. ஒருவரையே நிழல் போலத் தொடர்வதும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் குறைந்தன. மருந்து கொடுத்து அடக்கப்படும் நடத்தைகளில் பல, செய்ய வேலை இல்லாததால் வருபவை என்று இத்துறையில் இருப்பவர்கள் சொல்வதை இது உறுதிப்படுத்துகிறது.

ஆகவே அட்டவணை நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அதில் உங்கள் அப்பாவுக்குப் பொருந்தும் வேலையை யார் தேர்ந்தெடுத்தார் என்று கேளுங்கள். வாழ்நாளெல்லாம் மரவேலை செய்தவரிடம் வண்ணத்தாளும் பசையும் கொடுத்து உட்கார வைத்தால் அவர் எழுந்து போய்விடுவார், "ஒத்துழைக்கவில்லை" என்று குறிப்பில் ஏறிவிடும். அவருக்கு உப்புத்தாளால் தேய்க்க ஒரு மரத்துண்டு கொடுத்திருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். தெரபிஸ்ட் ஒரு முறை கவனித்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததை நிகழ்ச்சி ஊழியர் தினமும் நடத்தலாம். இந்தக் கூட்டணி அமைந்த இல்லம் கிடைத்தால் விடாதீர்கள்.

பராமரிப்பாளர் கையிலும் அறையிலும் இருக்கும் தெரபி

மெமரி கேருக்கு நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

எலேன் பிராடி 1971-ல், மறதிநோய் உள்ள முதியவர்களிடம் நோய் உண்டாக்கும் இயலாமையைவிடக் கூடுதலான இயலாமை இருப்பதை எழுதினார். நோய் பறித்தது ஒரு பங்கு, சுற்றியிருப்பவர்கள் செய்துவிடுவதால் போனது இன்னொரு பங்கு. மார்கிரெட் பால்டஸ் பராமரிப்பு இல்லங்களில் ஊழியர்களும் முதியவர்களும் பழகுவதை நேரில் கவனித்து ஆராய்ந்தார். முதியவர் உதவி கேட்டு நிற்கும்போது ஊழியர் ஓடி வருகிறார், அவர் தானாக ஒன்றைச் செய்யும்போது யாரும் கண்டுகொள்வதில்லை. இப்படியே நாள் கழிந்தால் என்ன கற்றுக்கொள்வார்? சும்மா இருந்தால்தான் ஒருவர் பக்கத்தில் வருவார் என்று கற்றுக்கொள்வார். இதில் ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காலையில் பலரை எழுப்பித் தயார்செய்ய வேண்டிய ஒருவர், பொத்தான் போட ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்பவருக்காகக் காத்திருக்க முடியாமல் தானே போட்டுவிடுகிறார். நாளடைவில் அந்தக் கைகள் பொத்தான் போடுவதையே மறந்துவிடுகின்றன.

இங்கே தெரபிஸ்ட் செய்யும் வேலை நுட்பமானது. எவ்வளவு உதவி போதும் என்று அளந்து சொல்வார். முதலில் உடைகளைப் போடும் வரிசையில் அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அசைவில்லையா, "சட்டையை எடுங்கள்" என்று சின்ன வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அப்புறம் சுட்டிக்காட்ட வேண்டும், அப்புறம் நாமே செய்து காட்ட வேண்டும், அப்புறம் முழங்கையை லேசாகத் தொட்டுத் தூண்ட வேண்டும். அதற்கும் நகரவில்லை என்றால்தான் கையைப் பிடித்துச் செய்ய வைப்பது. கடைசிப் படியைத் தாண்டித்தான் நாமே செய்துவிடுவது. பல இல்லங்களில் தொடக்கமே அந்தக் கடைசி இடத்தில்தான் இருக்கிறது. எந்தப் படியில் நிறுத்தலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டுபிடிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்டான கிளாடியா ஆலன் வகுத்த அறிவாற்றல் நிலைகள் 1 முதல் 6 வரை (1 மிகக் குறைவு, 6 இயல்பு) பயன்படுகின்றன. தோலில் நாடாவைக் கோத்துத் தைக்கும் ஒரு சிறு சோதனையில், எவ்வளவு சிக்கலான தையலைப் பார்த்துச் செய்ய முடிகிறது என்று தெரபிஸ்ட் கவனிப்பார். 4-வது நிலையில் இருப்பவர் கண்ணெதிரே தெரிவதை வைத்து ஒரு வேலையை முடிப்பார், இழுப்பறைக்குள் இருப்பது அவரைப் பொறுத்தவரை இல்லாதது. 3-வது நிலையில் வேலையின் முடிவு அவருக்குப் பிடிபடாது, கையால் செய்யும் அசைவுதான் பிடிபடும். மடிப்பார், துடைப்பார், அடுக்குவார். இதைப் பராமரிப்பாளர் தெரிந்துகொண்டாலே கோபப்படும் சந்தர்ப்பங்கள் பாதி குறையும் என்று நான் நம்புகிறேன். "சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்" என்ற பேச்சு, "இவரால் இவ்வளவுதான் பிடித்துக்கொள்ள முடியும்" என்று மாறும்.

குளியல்தான் இந்த வேலையின் உண்மையான சோதனை. மெமரி கேரில் அடிப்பதும் கத்துவதும் அதிகம் நடக்கும் இடம் அது. தலைக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டுவது, குளிர், அந்நியர் ஒருவர் உடையைக் கழற்றுவது எல்லாம் சேர்ந்து அவருக்குத் தாக்குதலாகத் தோன்றுகின்றன. தெரபிஸ்ட் கூட நின்று பார்த்தால் மாற்ற வேண்டியது தெரிந்துவிடும்: அறையை முன்பே சூடாக்குவது, தோளில் துண்டைப் போர்த்தியபடியே பகுதி பகுதியாகக் கழுவுவது, கையில் பிடிக்கும் சிறிய ஷவரைப் பாதத்திலிருந்து தொடங்குவது, அவர் கையிலேயே ஒரு துணியைக் கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொல்வது. ஆத்திரம் வந்தால் நிறுத்திவிட்டுப் பிறகு வருவது. இதற்கு மருந்து எதுவும் வேண்டாம். வேலைப் பட்டியலில் அந்தப் பத்து நிமிடத்தை அனுமதிக்கும் நிர்வாகம்தான் வேண்டும்.

அறையைப் பற்றிச் சொல்லவும் நிறைய இருக்கிறது. கழிப்பறைக் கதவு படுக்கையில் இருந்து பார்த்தால் தெரிய வேண்டும், தெரிந்தால் போவார். வெள்ளைச் சுவரில் வெள்ளை இருக்கை மூடி கண்ணுக்குத் தெரியாது, நிறமுள்ள மூடி தெரியும். வாசலில் போட்ட கறுப்பு மிதியடி அவருக்குப் பள்ளமாகத் தோன்றலாம், காலை எடுத்து வைக்கவே பயப்படுவார். பளபளக்கும் தரை ஈரமாகத் தோன்றும். கண்ணாடியில் தெரிவது யாரோ அந்நியர் என்று நினைப்பவருக்குக் கண்ணாடியை மூடிவிடுவதே சிகிச்சை. அறை வாசலில் பெயர்ப் பலகையோடு அவருடைய இளவயதுப் படத்தை வைத்தால் தன் அறையைக் கண்டுபிடிப்பார், ஏனென்றால் இன்றைய முகத்தைவிட அந்த முகம்தான் அவருக்குத் தெரிந்த முகம். போஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2004-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், முற்றிய அல்சைமர் உள்ளவர்களுக்கு அடர்சிவப்புத் தட்டும் கோப்பையும் கொடுத்தபோது உணவு 25 விழுக்காடும் பானம் 84 விழுக்காடும் கூடின. பங்கேற்றவர்கள் மிகச் சிலரே என்பதால் இதை மட்டும் பெரிய ஆதாரமாகக் கொள்ள முடியாது. ஆனால் ஒரு தட்டை மாற்றிப் பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. எடை குறைந்துகொண்டே போகும் அம்மாவுக்கு முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான்.

விழுவதைத் தடுக்கவும் இடத்தைச் சரிசெய்வது உதவும். பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்டு 2023-ல் வெளியான காக்ரேன் மறுஆய்வின்படி, வீட்டில் விழவைக்கும் ஆபத்துகளைக் கண்டு அகற்றினால் விழுதல் 26 விழுக்காடு குறைகிறது, ஏற்கெனவே அதிக ஆபத்தில் இருப்பவர்களிடம் 38 விழுக்காடு. இந்த எண்கள் சொந்த வீட்டில் வசிப்பவர்களைப் பற்றியவை. இல்லங்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் சொந்த நாற்காலி, சொந்த மேசை, சொந்தக் கம்பளத்தோடு அசிஸ்டட் லிவிங்கில் தனி அறையில் இருப்பவரின் நிலை வீட்டில் இருப்பவரின் நிலையிலிருந்து அதிகம் விலகியதில்லை.

இருக்கிற இடத்திலேயே தெரபியா, மெமரி கேருக்கு மாற்றமா

மதிப்பெண் தாளை மட்டும் வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள் என்பேன். 30 மதிப்பெண்ணுக்கான எம்எம்எஸ்ஈ தேர்வு 1975-லிருந்து இருக்கிறது, மோகா தேர்வு 2005-ல் வந்தது. இரண்டும் நினைவையும் சிந்தனையையும் சோதிக்க உதவும். ஆனால் 19 வாங்கியவர் தன் மாத்திரையைச் சரியாக எடுத்துக்கொள்வார், 25 வாங்கியவர் இரண்டு முறை போட்டுக்கொள்வார் என்பதும் நடக்கும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் செய்ய வைத்துப் பார்ப்பார். எளிய சமையல், தொலைபேசி, மருந்து, பில் கட்டுதல் ஆகிய நான்கு வேலைகளைச் செய்ய வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு தூண்டுதல் தேவைப்படுகிறது என்று அளக்கும் சோதனை உண்டு. மாற்றம் பற்றிப் பேச்சு எழும்போது இப்படி ஒரு மதிப்பீட்டைக் கேளுங்கள். மாத்திரை விஷயம் மட்டும்தான் சிக்கல் என்றால் அதை ஊழியர் கொடுத்தால் போதும், இடம் மாற வேண்டியதில்லை. இரவில் எழுந்து வெளிக்கதவைத் தேடுகிறார், சொன்ன வழி திரும்பத் தெரியவில்லை, உதவிக்கு அழைக்கும் பொத்தான் எதற்கென்றே புரியவில்லை என்றால், வாரத்துக்கு மூன்று முறை தெரபி வைத்து அதை ஈடுகட்ட முடியாது. அங்கே மாறுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. குற்ற உணர்வில் தள்ளிப்போட வேண்டாம்.

மாறுவது முடிவானால், போவதற்கு முன்பே தெரபிஸ்டை அழையுங்கள். பழைய அறையில் கட்டிலின் எந்தப் பக்கமாக இறங்குவார், கழிப்பறை எந்தக் கைப்பக்கம் இருந்தது, எந்த நாற்காலியில் உட்காருவார் என்று பார்த்துப் புதிய அறையிலும் முடிந்தவரை அப்படியே அமைத்துத் தருவார். இரவு இருட்டில் அவர் கால்கள் பழைய வழியில்தான் நடக்கும்.

முற்றிய கட்டத்தில் தெரபி இல்லை என்று சில இல்லங்களில் சொல்லிவிடுவார்கள். இருக்கிறது. சக்கர நாற்காலியில் சரிந்து போகாமல் உட்கார வைப்பது, புண் வராமல் அழுத்தத்தைப் பரப்புவது, மடங்கிப் போகும் விரல்களுக்குச் சிறு பட்டை வைப்பது, தலை நிமிர்ந்திருக்கும்படி அமைத்து விழுங்குவதை எளிதாக்குவது, எல்லாம் அந்தத் துறையின் வேலைதான். "முன்னேற்றம் இல்லை, நிறுத்திவிட்டோம்" என்ற பதிலும் அடிக்கடி வரும். அமெரிக்காவில் 2013-ல் ஜிம்மோ வழக்கில் ஏற்பட்ட உடன்பாடு, தேறுவார் என்ற எதிர்பார்ப்பு இல்லை என்பதற்காக மட்டும் மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தெரபியை மறுக்கக் கூடாது, இருக்கும் நிலையைக் காக்கவோ சரிவைத் தாமதப்படுத்தவோ தேர்ந்த தெரபிஸ்ட் தேவையென்றால் கொடுக்கலாம் என்று தெளிவாக்கியது. வேறு நாட்டில் விதி வேறாக இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றேதான்: நிறுத்தினால் என்ன நடக்கும்?

இல்லத்தில் போய்ப் பேசும்போது, தெரபிஸ்ட் எந்த நேரத்தில் வருவார் என்று முதலில் கேளுங்கள். உடுத்தும் நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் வரவே மாட்டார் என்றால் அவர் பார்ப்பது பாதிதான். அவர் சொல்வது எங்கே எழுதப்படுகிறது, இரவு நேர ஊழியரும் அதைப் படிக்கிறாரா, ஊழியர் மாறினால் புதியவரை யார் பழக்குவார் என்று கேளுங்கள். தெரபி உதவியாளர் வருகிறாரா, தெரபிஸ்டே வருகிறாரா, மதிப்பீட்டை யார் செய்கிறார் என்றும் கேளுங்கள். சந்திப்புகளின் எண்ணிக்கையைப் பெரிதாகச் சொல்லி, இந்தக் கேள்விகளுக்கு மழுப்பலாகப் பதில் தரும் இடத்தைவிட, மாதம் இரண்டு முறை மட்டும் வந்தாலும் பராமரிப்பாளரைப் பக்கத்தில் நிற்க வைத்துச் செய்யும் தெரபிஸ்ட் உள்ள மெமரி கேரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அசிஸ்டட் லிவிங்கில், மனத் தெளிவோடு இருப்பவருக்கு என்றால் இதையே திருப்பிப் போட்டு, முதல் சில வாரங்கள் அடர்த்தியான தனிப் பயிற்சியைக் கேட்பேன்.

இடையில் இருப்பவர்கள்தான் அதிகம்: காலையில் தெளிவு, மாலையில் குழப்பம், ஒரு வேலையில் திறமை, இன்னொன்றில் தடுமாற்றம். அவர்களுக்கு இரண்டு வழியும் சேர்ந்தே வேண்டும். தெளிவான நேரத்தில் அவரோடு பயிற்சி, அந்தப் பயிற்சியைப் பார்த்தபடி ஒரு பராமரிப்பாளர். எந்தப் பக்கம் கூட்டுவது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். கீழே விழுந்தாலோ, மருத்துவமனையில் தங்கித் திரும்பினாலோ, மருந்து மாறினாலோ, வழக்கமான பராமரிப்பாளர் வேலையை விட்டுப் போனாலோ புதிய மதிப்பீடு கேளுங்கள். அடுத்த ஆய்வுத் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்துவிட்டு வருபவரிடம் ஊழியர்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடத் தொடங்குவார்கள், அது பழக்கமாவதற்குள் தெரபிஸ்ட் வந்துவிட வேண்டும்.